பழைய அடி என்று எழுதிய திங்கட்கிழமை

ரப்பர் விலை விழுந்து கிடந்த அந்த வருடங்களில் நான் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு மரக் கம்பெனியின் ஆஸ்பத்திரியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். ஆஸ்பத்திரி என்று அவர்கள்தான் சொன்னார்கள். ஆறு கட்டில், ஒரு மருந்து அலமாரி, மேலே தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் டாக்டர் கத்திப் பேசுவார், நானும் கத்தி மொழிபெயர்ப்பேன். மருந்தைத் தொடுவது என் வேலை அல்ல. டாக்டர் வாயால் சொல்லும் நோயைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், அதற்குரிய எண்ணை ஓர் அச்சுப் புத்தகத்தில் தேடிப் பக்கத்தில் போட வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம், நாற்காலி, வெள்ளை டிரில் கோட்டு எல்லாம்.

அந்தப் புத்தகத்தை நான் கொண்டாடிய கொண்டாட்டத்தை நினைத்தால் இப்போது காறித் துப்பத் தோன்றுகிறது. மனிதனுக்கு வரக்கூடிய நோய்களையும் படக்கூடிய அடிகளையும் சீமையில் யாரோ உட்கார்ந்து வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். காய்ச்சலுக்கு இது, சீதபேதிக்கு இது, கை முறிந்தால் இது. மாதக் கடைசியில் எண்களை மட்டும் தொகுத்து மேலே அனுப்புவோம். மேலே இருந்தவர்கள் அதைப் படித்ததற்கு எந்த அடையாளமும் எனக்குக் கிடைத்ததில்லை. ஒருமுறை விரல் நசுங்கிய ஒரு தச்சனுக்குப் பிரசவத்தின் எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டேன். தெரிந்ததும் ஒரு வாரம் தபாலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. தச்சனுக்குக் குழந்தை பிறந்ததாகவே அந்த வருடக் கணக்கு முடிந்தது.

அடிபட்ட இடத்தில் தோல் கிழியாமல் உள்ளேயே ரத்தம் கட்டிக்கொண்டு வீங்குவதை நம் ஆட்கள் ரத்தக்கட்டு என்பார்கள், டாக்டர் ஹெமடோமா என்பார். புத்தகத்தில் அதற்குத் தனி வரி கிடையாது. எந்த உறுப்பில் பட்டதோ அந்த உறுப்பின் காயங்களோடு சேர்த்துவிட வேண்டும். அது சுலபம். பதிவேட்டில் அதற்கு அடுத்த இரண்டு பத்திகளில்தான் விஷயம் இருந்தது. எப்போது பட்டது, எங்கே பட்டது. வேலையில் பட்டதென்றால் ஓர் எழுத்து, வெளியே பட்டதென்றால் வேறோர் எழுத்து. வேலையில் அடிபட்டவனைக் குணமாகும் வரை கூலிகள் குடியிருக்கும் லயத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வெளியே அடிபட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாமல் படுத்தவன் ‘வேலைக்கு ஆகாதவன்’. ஊருக்குத் திருப்பி அனுப்பும் கப்பல் பட்டியலில் அவன் பெயர் ஏறிவிடும், பெண்டாட்டி பிள்ளைகளோடு. ஆளைக் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்த கம்பெனிக்கு என் பேனாவின் அந்த ஓர் எழுத்து போதும்.

டாக்டர் வெள்ளைக்காரர். திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் காலையில் தன் காரில் வருவார். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருக்கக்கூடக் கொஞ்சம் அக்கறை வேண்டும். அடிபட்டவன் என்றைக்கு அடிபட்டான் என்பதை அவன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. நிறத்தைப் பார்த்தால் போதும் என்பார். பெட்டியில் வண்ணப் படம் போட்ட ஒரு புத்தகம் வைத்திருந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரனின் கால், நாளுக்கு நாள் நிறம் மாறிக்கொண்டு, வரிசையாக இருக்கும். முதலில் சிவப்பு, அப்புறம் நீலமும் ஊதாவும், ஒரு வாரம் போனால் பச்சை, அதற்கப்புறம் மஞ்சள். எங்கள் ஆட்களின் தோலில் ரத்தக்கட்டு அப்படிப் படம் காட்டாது. தொட்டுப் பார்க்க வேண்டும். புதிதென்றால் சூடாக இருக்கும், விண்ணென்று தெறிக்கும், விரல் வைத்தால் ஆள் துள்ளுவான். ஆனால் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடி பார்ப்பார். கூலியின் தொடையைத் தொட்டால் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காதோ என்னவோ.

என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் அடிபட்ட இடத்தில் பற்றுப் போட்டுக்கொண்டு வருவார்கள். புளியைக் கரைத்து, உப்பும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்து, பொறுக்கிற சூட்டில் அப்பிவிடுவது. லயத்தில் ரத்தக்கட்டுக்கு வேறு வைத்தியம் யாருக்கும் தெரியாது. அது காய்ந்து பொருக்குப் பொருக்காகக் கட்டில் துணியிலும் என் பதிவேட்டிலும் உதிரும். எனக்கு அது பிடிக்காது. நாற்றம் என்று மூக்கைச் சுளிப்பேன். பற்றோடு வருகிறவனை வரிசையிலிருந்து வெளியே இழுத்து, குழாயடிக்கு விரட்டி, கழுவிக்கொண்டு வரச்சொல்வேன். கழுவிக்கொண்டு வருவதற்குள் டாக்டர் போயிருப்பார். இப்படி நான்கைந்து பேர் பட்ட பிறகு லயத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது: கிராணிக்குப் பற்று ஆகாது, வீட்டிலேயே துடைத்துவிட்டுப் போக வேண்டும். ஆஸ்பத்திரியைச் சுத்தமாக வைத்திருப்பதாக டாக்டர் என்னைப் பாராட்டினார். நீ இவர்களைப் போல இல்லை என்றார். நான் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

சின்ன வயதில் என் முழங்காலிலும் என் அம்மா அதே பற்றைத்தான் போட்டாள். நானும் லயத்தில் பிறந்தவன்தான். ஏழாம் ஸ்டாண்டர்டு இங்கிலீஷ் படித்ததும் அதை மறந்துவிட்டதாக நடிக்கத் தொடங்கியிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மரக்கிடங்கில் லோரியிலிருந்து மரம் இறக்கினார்கள். மரம் உருளாமல் அண்டக்கொடுத்திருந்த கட்டையை மண்டோர் அவசரத்தில் முன்னதாகவே தட்டிவிடச் சொல்லிவிட்டார். மண்டோர் என்றால் ஆட்களை வேலை வாங்குகிறவர். ஒரு மரம் உருண்டு வந்து கீழே நின்ற ஒருவனின் வலது தொடையில் மோதியது. எலும்பு தப்பித்தது. மாலைக்குள் தொடை இரண்டு மடங்காக வீங்கிவிட்டது. அவனுக்கு முப்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவன். மறுநாள் ஞாயிறு, ஆஸ்பத்திரி பூட்டு. அவன் பெண்டாட்டி இரண்டு நாளும் பற்றுப் போட்டாள். திங்கட்கிழமை விடிந்ததும் என் கட்டளைப்படி அதை ஈரத் துணியால் சுத்தமாகத் துடைத்தாள். புருஷனைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டி வந்து வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தாள்.

பற்று போனாலும் மஞ்சள் போகாது என்பது சமையலறைப் பக்கம் போன எவருக்கும் தெரியும். மஞ்சள் கறை மேலே, கட்டிய ரத்தத்தின் நீலம் கீழே. இரண்டும் கலந்து அவன் தொடை முழுவதும் பழுப்பும் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. டாக்டர் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஆட்களின் தோலில் தன் புத்தகத்துப் படம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

“எப்போது பட்டதென்று கேள்” என்றார்.

கேட்டேன். “சனிக்கிழம மத்தியானங்க. மரம் எறக்கிறப்ப” என்றான் அவன். சொன்னேன்.

டாக்டர் சிரித்தார். இது குறைந்தது பத்து நாள் பழையது, இவர்கள் எல்லாருமே சனிக்கிழமை என்றுதான் சொல்வார்கள் என்றார். பிறகு மண்டோரைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார். மண்டோர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். கட்டையைத் தட்டச் சொன்னது தான் என்பது வெளியே வந்தால் தன் மண்டோர் தொப்பி போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

“சனிக்கிழம நான் பின்பக்கம் நின்னேன், கிராணி. சரியா பாக்கல. போன வாரத்துக்கு மொத வாரம் கள்ளுக்கடையில ஒரு சண்ட நடந்துச்சு. இவனும் அங்க இருந்தானோ என்னமோ” என்றார். இருந்தான் என்று சொல்லவில்லை. அந்த அளவு மூளை அவருக்கு இருந்தது. நான் அதையும் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன். என் மொழிபெயர்ப்பு எப்போதும் சுத்தமாக இருக்கும்.

டாக்டர் சொல்லச் சொல்ல எழுதினேன். வலது தொடை, ஹெமடோமா, பழையது, கம்பெனி வேலையில் பட்டதல்ல. புத்தகத்தில் எண்ணைத் தேடினேன். பக்கத்தில் அந்த எழுத்தைப் போட்டேன். மை காய ஒற்றுத் தாளை வைத்து அழுத்தினேன்.

இத்தனைக்கும் அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து மஞ்சளும் புளியும் கலந்த வாசனை என் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அது மஞ்சள் கறை, சோப்புப் போட்டுத் தேய்த்தால் கீழே வேறு நிறம் இருக்கும் என்று டாக்டரிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. என் வாயில் கொழுக்கட்டை இருந்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரே, என் வீட்டிலும் அதைத்தான் பூசுவார்கள் என்று சொல்ல வேண்டுமே என்று நினைத்தேன். வேறு பெரிய பயம் ஒன்றும் இல்லை. இதை எழுதும்போதும் அன்றைய இளைஞனான என் கன்னத்தில் இரண்டு அறை விட வேண்டும் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அவள் தனியாக என் மேசைக்கு வந்தாள். பட்டியலில் பெயர் ஏறிவிட்டதை மண்டோரே போய் லயத்தில் சொல்லியிருந்தார். இருபத்தைந்து வயதுக்காரி, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அழவில்லை. அழுதிருந்தால் நான் வழக்கம் போல எரிந்து விழுந்து அனுப்பியிருப்பேன்.

“கிராணி ஐயா, எங்கள எங்க அனுப்பப் போறாங்க?” என்று கேட்டாள்.

“ஊருக்குத்தான். நாகப்பட்டினத்துக்கு.”

“அது அவரு ஊருங்க. அவருக்கும் இப்ப அங்க யாருமில்ல. நான் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவ. எங்கம்மா இங்கதான் செத்தாங்க. எனக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளத் தெரியாது.”

அச்சடித்த படிவத்தில் அவளும் ஊர் திரும்புகிறவள்தான். திரும்புவதற்கு முதலில் அங்கிருந்து வந்திருக்க வேண்டும் என்பது படிவம் அச்சடித்தவனுக்கு முக்கியமாகப் படவில்லை.

“நீங்க ஒரு தடவ வந்து பாருங்க ஐயா. நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன்” என்றாள். ஏனோ எழுந்து போனேன். அவன் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தேங்காயெண்ணெய் தடவி, சோப்புப் போட்டு, எத்தனை தடவை தேய்த்திருந்தாளோ, மஞ்சள் முக்கால்வாசி போயிருந்தது. கீழே தொடை கத்தரிக்காய் நிறத்தில் பளபளவென்று இருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். படிக்காத குருடனுக்கும் தெரியும், அது மூன்று நாள் அடி.

அப்போதே நான் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருந்தது. பதிவேட்டில் குறிப்புக்கென்று ஒரு பத்தி உண்டு. ‘செவ்வாய்க்கிழமை பார்த்ததில் ஊதா நிறம், சூடு, வீக்கம்’ என்று தேதி போட்டு அதில் எழுதியிருக்கலாம். அது டாக்டரை மறுப்பதாகும். தலைமைக் கிராணி வேலைக்கு என் பெயர் அப்போது ஆபீசில் பரிசீலனையில் இருந்தது. ஆகவே நான் சட்டம் பேசினேன். முதலில் ஆபீசுக்கு மனு எழுத வேண்டும், ஆபீஸ் அனுமதி கொடுத்தால் டாக்டர் மறுபடியும் பார்ப்பார், எதுவும் முறைப்படி வர வேண்டும் என்றேன். மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். நல்ல இங்கிலீஷ். அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மனு ஆபீசில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனது. வியாழக்கிழமை டாக்டர் வந்தபோது அது கையெழுத்தாகவில்லை. அனுமதி இல்லாமல் அவனை உள்ளே விட முடியாது என்று நானே வாசலில் நிறுத்தினேன். சனிக்கிழமை கையெழுத்தானது. அடுத்த திங்கட்கிழமை அவன் உள்ளே வந்தான்.

அதற்குள் மரம் மோதி ஒன்பது நாள். அவள் மறுபடி பற்றே போடவில்லை, தினமும் கழுவிக்கொண்டிருந்தாள். வீக்கம் பாதி வடிந்திருந்தது. கட்டிய ரத்தம் கரையத் தொடங்கி, தொடையின் ஓரமெல்லாம் பச்சையும் மஞ்சளுமாக மாறியிருந்தது. இந்த முறை பற்றின் மஞ்சள் கறை அல்ல, உண்மையான ரத்தக்கட்டின் நிறம். அவனுடைய சொந்த உடம்பே பதிவேட்டோடு சேர்ந்துகொண்டது.

டாக்டர் ஒரே பார்வை பார்த்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்றார். வண்ணப் புத்தகத்தை எடுத்து பத்து நாள் அடியின் பக்கத்தைத் திறந்து எனக்குக் காட்டினார், நீயும் கற்றுக்கொள் என்றார். போன திங்கட்கிழமை பத்து நாள் பழையதாக இருந்த அடி, இந்தத் திங்கட்கிழமையும் பத்து நாள் பழையதாகவே எப்படி இருக்கும்? அப்படியென்றால் நடுவில் போன வாரம் எங்கே போயிற்று? இது அவர் புத்தியில் ஏறவே இல்லை. மருத்துவப் பட்டம், கார், வண்ணப் படம் எல்லாம் இருந்தும் ஏழு நாளைக் கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை அந்த மனிதருக்கு. எனக்குத் தெரிந்தது. நான் “யெஸ் சார்” என்றேன்.

பிறகு டாக்டர் உட்கார்ந்துகொண்டார், அவசரமில்லாத நாள் போலிருக்கிறது. புதிய பதிவேடு அச்சடிக்கக் கொடுக்கப் போவதாகவும், அதில் பத்திகளை எப்படி அமைக்கலாம் என்றும் என்னிடம் யோசனை கேட்டார். தன் மேசைக்கு என்னை அழைத்து அவர் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பேசினேன். கையை ஆட்டி, விரலால் மேசையில் கோடு போட்டுக் காட்டி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் கொட்டினேன். குறிப்புப் பத்தி மிகவும் அகலமாக இருக்கிறது, யாரும் அதில் எழுதுவதில்லை, குறைத்துவிடலாம் என்று நானே சொன்னேன். ஒரு கட்டத்தில் அவர் மறுத்தார், நான் விடாமல் வாதாடினேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவனும் அவளும் போகச் சொல்லாததால் சுவரோரம் நின்று எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களை மறந்தே போயிருந்தேன்.

கடைசியில் டாக்டர் மனுவின் மேல் பழையபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். அது நடக்காது, போகலாம் என்று அவர்களிடம் தமிழில் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து, கிள்ளான் துறைமுகத்துக்கு ஆட்களைக் கொண்டுபோக லோரி வந்தது. எட்டுக் குடும்பங்கள். நான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் படித்து ஏற்றினேன், அதுவும் என் வேலைதான். அவன் இன்னும் நொண்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் தூக்கி மேலே விட்டார்கள். குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டு அவள் என்னிடம் வந்தாள். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“ஐயா, எங்க லயத்துக்காரவுக எல்லாம் உங்களப் பத்திக் கொறச்சலாத்தான் பேசுவாக. நான் இனிமே அதக் கேக்க மாட்டேன்” என்றாள். “அன்னிக்கி எங்களுக்காக அந்தத் தொரைகிட்ட எம்புட்டு நேரம் மல்லுக்கட்டுனீங்க. எனக்கு இங்கிலீஷ் புரியல, ஆனா கண்ணால பாத்தேன். அவரு முடியாதுன்னு சொல்லச் சொல்ல நீங்க விடவே இல்ல. எங்களுக்காக யாரும் இதுவரைக்கும் அப்புடிப் பேசுனது இல்லைங்க.”

குனிந்து என் பூட்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. “பரவாயில்லம்மா” என்றேன்.